ஷினேஸ்-இந்திஸ் கடைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்தில் சின்ன ஊர்களில்கூடக் கடைத்தெருவில் ஒரு சீனக் கடைப் பலகை கண்ணில் படும். ‘ஷினேஸ்-இந்திஸ் ரெஸ்டோரன்ட்’ என்று எழுதியிருக்கும். இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாக நான் விரும்பிச் சாப்பிடுகிற சாப்பாடு இது. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

‘இந்திஸ்’ என்றால் இந்தியச் சாப்பாடா?

இல்லை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், ரொட்டியும் பருப்புக் கறியும் இருக்கா என்று கேட்டேன். கடைக்கார அம்மா பொறுமையாக விளங்கப்படுத்திவிட்டு, குளிராக இருக்கிறதே என்று இரண்டு கிண்ணம் தக்காளி சூப் கொண்டுவந்து வைத்தார். இனிப்பான, கெட்டியான, கோழி இறைச்சியைப் பிய்த்துப் போட்ட சூப். இந்தக் கடைகளுக்கே உரிய சூப் அது என்று பிறகுதான் தெரிந்தது.

டச்சு மொழியில் இந்தியாவைச் சேர்ந்ததை ‘இந்தியாஸ்’ என்பார்கள். ‘இந்திஸ்’ என்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளைக் குறிக்கும் சொல், அதாவது இன்றைய இந்தோனேசியா. ‘ஷினேஸ்’ என்றால் சீனம். பேச்சில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. ‘இன்றைக்கு ஷினேஸுக்குப் போவோம்’ என்றால் இந்தக் கடைதான்.

சீனமும் இந்தோனேசியாவும் ஒரே கடைக்குள் எப்படி வந்தன?

1911இல் நெதர்லாந்தில் கப்பலாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை முறிக்கக் கப்பல் கம்பனிகள் சீனக் கப்பலாட்களைக் கொண்டுவந்து இறக்கின. அவர்கள் ரொட்டர்டாமின் கட்டென்ட்ரெக்ட் பகுதியிலும் ஆம்ஸ்டர்டாமில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் தங்கினார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடத்தான் முதல் சீனச் சாப்பாட்டுக்கடைகள் வந்தன. வெளியாட்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கப்பல் வேலையும் இல்லாமல் போனது. அந்த மனிதர்கள் கழுத்தில் தகரப்பெட்டியை மாட்டிக்கொண்டு, நம்ம ஊர்க் கச்சான் (நிலக்கடலை) அல்வா போன்ற ஒரு பலகாரத்தைத் தெருத்தெருவாக விற்றார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அகதியாக வந்து, தெரிந்த கைவேலையை வைத்துப் பிழைத்த எங்கள் ஆட்களின் முகங்கள்தான் அதில் தெரிகின்றன.

நிலைமை மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. இந்தோனேசியா 1945இல் சுதந்திரத்தை அறிவித்தது. ஒல்லாந்தர் விடவில்லை, நான்கு வருடம் சண்டை. 1949 டிசம்பர் 27இல்தான் ஆட்சியைக் கையளித்தார்கள். அந்த வருடங்களிலும் அதை அடுத்தும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் அங்கிருந்து நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். கலப்பு வம்சத்தவர், அரசாங்க உத்தியோகத்தர், மலுக்குத் தீவுச் சிப்பாய்களும் அவர்களது குடும்பங்களும் என்று பல வகை. இங்கிருந்து சண்டைக்கு அனுப்பப்பட்ட டச்சுப் பையன்களும் 1 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். சோறும் மிளகாய்ச் சம்பலும் பழகிய நாக்கோடு வந்த இவர்களுக்கு, உருளைக்கிழங்கும் அவித்த மரக்கறியும் சாப்பிடும் நாட்டில் சோறு எங்கே கிடைக்கும்? சீனக் கடையில்தான் கிடைக்கும்.

சீன முதலாளிகளும் அதைப் புரிந்துகொண்டார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களைக் குசினியில் வேலைக்கு வைத்தார்கள். நாசி கொரெங் (வறுத்த சோறு), சாத்தே (குச்சியில் வாட்டிய இறைச்சி), காடோ காடோ (கச்சான் குழம்பு ஊற்றிய அவித்த மரக்கறி) எல்லாம் மெனுவில் ஏறின. பலகையில் ‘இந்திஸ்’ என்ற சொல்லும் ஏறியது. அப்புறம் டச்சுக் குடும்பங்களும் வரத் தொடங்கின. வெளியில் சாப்பிட்டுப் பழக்கமில்லாத தொழிலாளிக் குடும்பங்கள் பல முதன்முதலாக ஒரு சாப்பாட்டுக்கடைக் கதிரையில் உட்கார்ந்தது ஷினேஸில்தான். வீட்டுச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதில் வாங்கி வந்த காலத்தைப் பற்றி என் பக்கத்து வீட்டு டச்சுப் பாட்டி இன்னும் ஆசையாகக் கதைப்பார்.

உள்ளே போய் எப்படி ஓர்டர் பண்ணுவது?

பழைய கடைகளில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று மேசை போட்ட பகுதி: சிவப்பு விளக்கு, மரச் செதுக்கல், சில இடங்களில் மீன்தொட்டி. மற்றது பார்சல் எடுக்கிற பகுதி. அதை ‘ஆஃப்ஹாலன்’ என்பார்கள். மெனுவில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓர் இலக்கம் இருக்கும். பெயர் வாயில் வராவிட்டால் இலக்கத்தைச் சொன்னால் போதும். டச்சுக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், கூச்சப்பட எதுவும் இல்லை.

அடுத்து ஒரு கேள்வி கட்டாயம் வரும்: வெள்ளைச் சோறா, நாசியா (வறுத்த சோறு), பாமியா (நூடுல்ஸ்)? வெள்ளைச் சோறு பெரும்பாலும் சாப்பாட்டின் விலைக்குள் அடங்கும். வறுத்த சோறோ நூடுல்ஸோ கேட்டால் கொஞ்சம் கூட எடுப்பார்கள். ‘சம்பல் வேணுமா?’ என்றும் கேட்பார்கள். ஓம் என்று சொல்லுங்கள்.

மேசையில் உட்கார்ந்தால் மெழுகுதிரி எரியும் ஒரு தட்டுச் சூடாக்கியைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் கறிகளை வைப்பார்கள். எல்லாரும் நடுவிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத முறை.

மெனுவில் உள்ள பெயர்கள் விளங்கவில்லையே?

பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் முழு மெனுவும் திறந்துவிடும். நாசி என்றால் சோறு, பாமி என்றால் நூடுல்ஸ், கொரெங் என்றால் வறுத்தது அல்லது பொரித்தது, பங்காங் என்றால் வாட்டியது. ஆயாம் கோழி. பாபி பன்றி. டாகிங் என்பதற்கு இறைச்சி என்று பொருள்; இங்கே மாட்டிறைச்சிக்குத்தான் சொல்கிறார்கள். ஊடாங் இறால், இக்கான் மீன், தெலொர் முட்டை, பிசாங் வாழைப்பழம். பெடிஸ் என்று போட்டிருந்தால் உறைப்பு, மானிஸ் என்றால் இனிப்பு.

இந்தோனேசிய மொழி தெரிந்தவருக்குக்கூட இந்த மெனு முதலில் தடுமாற்றம் தரும். காரணம் எழுத்துமுறை. ‘ஊ’ ஒலியை டச்சு முறையில் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். இந்தோனேசியா 1947இல் அதை ஓர் எழுத்தாக மாற்றியது. 1972இல் ‘ச’, ‘ஜ’, ‘ய’ ஒலிகளுக்கான எழுத்துகளையும் மாற்றியது. இங்கே மெனுக்கள் மாறவில்லை. கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்த எழுத்து அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமி, லும்பியா (பொரித்த ரோல்), தாஹு (சோயாக் கட்டி), தௌகே (முளைவிட்ட பயறு) எல்லாம் இந்தோனேசியச் சொற்களாகத் தெரிந்தாலும், சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து போன ஹொக்கியன்காரரின் சொற்கள். பாமியில் ‘பா’ இறைச்சி, ‘மி’ நூடுல்ஸ். ஆக, சீனமும் ஜாவாவும் கலந்தது ரொட்டர்டாமில் இல்லை. பல நூற்றாண்டுக்கு முன்பே ஜாவாத் துறைமுகங்களில் கலந்துவிட்டது. அந்தத் துறைமுகங்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். மலாய், இந்தோனேசிய மொழிகளில் கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘கபால்’, மாம்பழத்துக்கு ‘மங்கா’. மூன்றும் தமிழிலிருந்து போனவை.

முதல் தடவை என்ன எடுக்கலாம்?

பன்றி சாப்பிடுவீர்களென்றால் பாபி பங்காங். பெயர் இந்தோனேசியப் பெயர், ஆனால் இந்தச் சாப்பாடு நெதர்லாந்தில் உருவானது. சுமாத்திராவில் பத்தாக் மக்கள் செய்யும் பாபி பங்காங் முற்றிலும் வேறு. இங்கே, மொறுமொறுப்பாக்கிய பன்றித் துண்டுகளை, புளிக்காடியில் ஊறவைத்த வெள்ளைக் கோவாவின்மேல் அடுக்கி, தக்காளியும் இஞ்சியும் சேர்ந்த இனிப்புப் புளிப்புக் குழம்பை ஊற்றுவார்கள். அந்தக் கோவாவை ஒதுக்கிவிடாதீர்கள். கொழுப்பும் இனிப்பும் நாக்கில் நிறைந்த நேரத்தில் அந்தப் புளிப்புத்தான் அடுத்த வாய்க்கு இடம் தரும். பார்சலாக எடுத்தால் குழம்பைத் தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் இறைச்சி ஊறிப்போனால் பாதிச் சுகம் போய்விடும்.

பன்றி வேண்டாமென்றால் ஃபூ யொங் ஹாய். தடித்த முட்டைப் பொரியல். உள்ளே வெங்காயமும் மரக்கறியும், விரும்பினால் கோழியோ இறாலோ. மேலே சிவப்புத் தக்காளிக் குழம்பும் பச்சைப் பட்டாணியும். பெயர் கன்டனீஸ் மொழியில் செம்பருத்திப் பூவையும் நண்டையும் சேர்த்துச் சொல்கிற பெயர்.

கோழிச் சாத்தே எல்லாருக்கும் பிடிக்கும். குச்சியில் குத்தி வாட்டிய கோழி, மேலே கச்சான் குழம்பு. இங்கே அந்தக் குழம்பைத் தாராளமாக ஊற்றுவார்கள். நாசியின்மேல் விட்டுப் பிசைந்தால் அதுவே ஒரு சாப்பாடு. கூட ஒரு பை க்ருபுக், அதாவது இறால் அப்பளம், வாங்குங்கள். லும்பியா எடுத்தால் ஒன்றை இரண்டு பேர் பங்கு போடலாம். நம்ம ஊர் ரோல்ஸ் அளவு என்று நினைத்து ஆளுக்கு ஒன்று எடுத்துவிடாதீர்கள். அது முழங்கை மொத்தம் இருக்கும்.

நீங்களே தெரிவு செய்ய வேண்டாமென்றால் நாசி ராமெஸ். ஒரு தட்டில் நாசி, சாத்தே, முட்டை, இறைச்சி, மரக்கறி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வரும்.

உறைக்குமா?

எங்கள் நாக்குக்கு உறைக்காது. டச்சு வாய்க்காகக் குறைத்துக் குறைத்து, இனிப்பைக் கூட்டி வந்த சமையல் இது. அதற்குத்தான் சம்பல். சம்பல் ஊலெக் என்றால் மிளகாயும் உப்பும் இடித்தது, அவ்வளவுதான், நேரடியாக உறைக்கும். சம்பல் பாஜாக் வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கியது. மணமும் இனிப்பும் இருக்கும். பாபி பங்காங்கோடு எனக்கு ஊலெக்தான் பிடிக்கும், நாசியோடு பாஜாக்.

இலங்கைக்காரருக்கு ‘சம்பல்’ என்ற சொல்லைக் கேட்டதும் உறவு விளங்கிவிடும். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமையகம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அந்தக் கம்பனி ஜாவாவிலிருந்தும் அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களையும், நாடு கடத்தப்பட்டவர்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தது. இலங்கை மலாயர் பலர் அவர்களின் வழிவந்தவர்கள். எங்கள் இடிசம்பலில் தேங்காய் சேர்ந்திருக்கிறது. மற்றப்படி உரலும் மிளகாயும் ஒன்றுதான்.

மாட்டிறைச்சியும் பன்றியும் நாங்கள் சாப்பிடுவதில்லை. எதில் கவனம் வேண்டும்?

பெயரில் பாபியும் டாகிங்கும் இல்லாததை எடுப்பது முதல் படி. அதோடு நின்றுவிடாதீர்கள். சாதாரண நாசியிலும் பாமியிலும் பல கடைகள் பன்றி இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் போடுகின்றன. லும்பியாவுக்குள்ளும் இருக்கலாம். ‘பன்றி இல்லாமல்’ என்பதை ‘ஸொண்டர் வார்க்கன்ஸ்-ஃப்லேஸ்’ என்று சொல்லிக் கேளுங்கள். வெள்ளைச் சோறு எடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

ஹலால் கடைகளும் உண்டு, ஆனால் எல்லாக் கடையும் அப்படி இல்லை. கதவில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள்.

சைவக்காரருக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு எடுக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் படித்தேன். பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை எங்களோடு வந்திருந்தார். மெனுவில் மரக்கறிப் பகுதியில் இருந்த ஒன்றைத்தான் எடுத்தோம். இரண்டாவது வாயிலேயே கருவாட்டு மணம் வருகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். உள்ளே த்ராசி இருந்தது, அதாவது இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. கடைக்காரர் பிழை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லாதது மரக்கறி. ஆனால் விரதக்காரியைச் சாப்பிடக் கூட்டிப் போன நான் முதலே கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் மூன்றைக் கேளுங்கள்: த்ராசி இருக்கா, சிப்பிச் சோஸ் இருக்கா, கோழி அவித்த தண்ணீர் சேர்க்கிறீர்களா? இந்த மூன்றையும் தவிர்த்துச் சாப் சோய் (பலவகை மரக்கறிப் பிரட்டல்) செய்துதரச் சொல்லலாம். பொரித்த தாஹு, கச்சான் குழம்போடு வரும் காடோ காடோ ஆகியவையும் நல்லவை. காடோ காடோவில் முட்டையும் இருக்கும், குழம்பில் த்ராசியும் இருக்கக்கூடும். க்ருபுக் சைவம் இல்லை, அது இறால் சேர்த்த மாவில் செய்தது. பொரித்த வாழைப்பழம், பிசாங் கொரெங், பெரும்பாலும் எல்லாருக்கும் சரி. பெரியம்மா இப்போது வந்தால் வெள்ளைச் சோறு, தாஹு, சாப் சோய், பிசாங் கொரெங். சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்.

கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

மிகுந்த கவனம் தேவை. கச்சான் இந்தச் சமையலில் குழம்பில் மட்டும் இல்லை. சோற்றின்மேல் தூவும் செருண்டெங் என்ற தேங்காய்ப்பூ வறுவலிலும் இருக்கும், ஒரே கரண்டி பல சட்டிகளுக்கும் போகும். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதி செய்யாத சாப்பாட்டுக்கும் ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்ல வேண்டியது கட்டாயம். கேட்கத் தயங்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமை என்றால் நான் கூட்டிப் போக மாட்டேன். சோயாச் சோஸில் கோதுமையும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு எடுப்பது?

குறைவாக. பார்சலில் ஒரு சாப்பாடு என்பது இரண்டு பேருக்குத் தாராளம். நான்கு பேருக்கு இரண்டு சாப்பாடும் ஒரு பை க்ருபுக்கும் போதும்.

‘ரைஸ்ட்டாஃபல்’ என்று விலை கூடிய ஒன்று இருக்கிறதே, அது என்ன?

நேர்ப்பொருள் ‘சோற்று மேசை’. ஒரு சட்டி சோற்றைச் சுற்றிப் பத்து, பதினைந்து, இருபது சின்னக் கிண்ணங்கள் வரும்: இறைச்சி, முட்டை, மரக்கறி, ஊறுகாய், வறுவல். காலனி காலத்தில் ஜாவாவின் தோட்டத்துரைமாரும் பெரிய ஹோட்டல்களும் வளர்த்த பழக்கம் இது. பத்தாவியாவின் ஹோட்டல் தெஸ் அந்தில் பரிமாறுகிறவர்கள் வரிசையாகத் தட்டேந்தி வருவது அந்த நாளில் பேர்போனது. பல தீவுகளின் கறிகளை ஒரே மேசையில் குவித்துக் காட்டியது ஆண்டவர்களின் பகட்டு. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கிண்ணங்களுக்குள் இருக்கும் ருசி, சமைத்த கைகளின் ருசி. முதல் தடவைக்கு இது தேவையில்லை. ஆறேழு பேராகப் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘இது உண்மையான சீனச் சாப்பாடே இல்லை’ என்கிறார்களே?

குவாங்சோவில் பாபி பங்காங் கிடைக்காது, உண்மை. ஜகார்த்தாவில் இந்த மாதிரி ஃபூ யொங் ஹாய் அப்படியே கிடைக்காது, அதுவும் உண்மை. ஆனால் அதனால் இது போலி ஆகிவிடாது. ஹொங்கொங்கிலிருந்தும் செஜியாங் மாகாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள், தாங்கள் பார்த்தே இராத இந்தோனேசியாவின் கறிகளை, தங்களுக்குப் பழக்கமில்லாத டச்சு வாய்க்காகச் சமைத்துச் சமைத்து உருவாக்கிய சாப்பாடு இது. கிடைத்த கோவாவையும் தக்காளிக் குழம்பையும் வைத்துச் செய்தார்கள். குளிர்நாட்டுக் கரட்டையும் லீக்ஸையும் போட்டுச் சாம்பார் வைக்கிற எங்களுக்கு அது விளங்கவேண்டும். 2021இல் நெதர்லாந்து தன் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் ஷினேஸ்-இந்திஸ் கடைப் பண்பாட்டைச் சேர்த்தது. எனக்கு அன்றைக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

இந்தோனேசியச் சமையலை மட்டும் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. எங்கே போவது?

‘தோகோ’ என்று எழுதிய கடையைத் தேடுங்கள். மசாலாச் சாமானும் சமைத்த சாப்பாடும் சேர்த்து விற்கிற சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த இறைச்சிக் கறி), பலாக்காய்க் கறி, சம்பலில் பிரட்டிய முட்டை என்று இருக்கும். கையால் காட்டி எடுக்கலாம். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம் குடியேறிய டென் ஹாக் (தி ஹேக்) நகரம் இதற்கு மிக நல்ல இடம். உறைப்பும் அங்கே உறைப்பாகவே இருக்கும். தென் அமெரிக்காவின் சூரினாம் வழியாக வந்த ஜாவாக்காரரின் கடைகளும் இருக்கின்றன. 1890 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சூரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்தச் சாப்பாடு தனியாக எழுத வேண்டிய ஒன்று.

பிள்ளைகள் சாப்பிடுவார்களா?

சாப்பிடுவார்கள். இனிப்பும், பொரித்ததும், உறைப்பில்லாத சோறும்தானே.

இந்தக் கடைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பது உண்மையா?

ஓம். எங்கள் ஊரில் முன்பு மூன்று இருந்தன, இப்போது ஒன்று. முதலாளிகளுக்கு வயதாகிறது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். காலை முதல் இரவு வரை அடுப்படியில் நிற்க வேண்டாம் என்றுதான் பெற்றோரும் படிக்க வைத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடும் வொக் கடைகளும் சூஷிக் கடைகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உங்கள் ஊரில் பழைய கடை ஒன்று இன்னும் இருந்தால், இந்த மாதமே ஒரு நாள் போய் உட்காருங்கள். போக முன் கதவில் நேரத்தைப் பாருங்கள். கிழமையில் ஒரு நாள், பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ, பூட்டு. பல கடைகள் பின்னேரம்தான் திறக்கின்றன.

மிஞ்சினால் அடுத்த நாள் வைத்துச் சாப்பிடலாமா?

தாராளமாக. அன்றைக்கே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நாசியையும் பாமியையும் தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். பன்றித் துண்டுகளை ஓவனில் வைத்தால் மீண்டும் மொறுமொறுப்பாகும். கோவாவைச் சூடாக்க வேண்டாம். க்ருபுக்கைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். எங்கள் வீட்டில் அது அடுத்த நாள் பருப்போடு போகும்.